நிசேயாவை விடுங்கள், தாளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமம் உருவான விதம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு அடுத்த வாரம் நீங்கள் வெளியிட்ட மறுப்புக் கடிதங்களையும் படித்தேன். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் வேண்டிய புத்தகங்களை வைத்துக்கொண்டு வேண்டாதவற்றை ஒழித்தார்கள் என்கிறது கட்டுரை. எழுதிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு புள்ளிகூட மாறவில்லை என்கிறார்கள் மறுத்தவர்கள். இரண்டும் சரியில்லை. இரு தரப்பாரும் ஓர் ஆளை அடியோடு மறந்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பிரதியை விரித்து வைத்து, நாணல் பேனாவை மையில் தோய்த்து, வரி வரியாகப் பார்த்து எழுதினாரே, அவரை.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஈய எழுத்து கோத்த காலத்திலிருந்து கணினி வந்த பிறகும், மூலப்பிரதியையும் புரூஃபையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தே என் வாழ்நாள் போயிற்று. ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவளும்கூட. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு வகையிலும் அக்கறை உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நிசேயா. அந்தச் சங்கம் இயற்றிய 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. ஆயரை நியமிக்க எத்தனை ஆயர்கள் வர வேண்டும், துன்புறுத்தலின்போது விசுவாசத்தை மறுதலித்தவர்களை எப்படித் திரும்பச் சேர்ப்பது, வட்டிக்குக் கடன் கொடுக்கும் குருவை என்ன செய்வது என்றெல்லாம் அவை பேசுகின்றன. வேதப்புத்தகங்களின் பட்டியல் அவற்றில் எங்கும் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் இன்று நாம் வைத்திருக்கிறபடியே எண்ணிச் சொல்லும் மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367இல் தம் சபைகளுக்கு எழுதிய பஸ்கா கடிதத்தில்தான் இருக்கிறது. நிசேயா முடிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு எழுதிய கடிதம் அது.

அப்படியானால் வேதாகமம் இந்த உருவத்துக்கு வந்தது எப்படி என்று கேட்டால், பாதிக்கு மேல் தாள் செய்த வேலை என்பேன்.

அந்தக் காலத்துத் தாள் பாப்பிரஸ். எகிப்தின் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு வகைக் கோரை. அதன் தண்டை மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஓர் அடுக்கை நெடுக்காகவும் இன்னோர் அடுக்கைக் குறுக்காகவும் பரப்பி, அழுத்திக் காயவைப்பார்கள். அப்படிச் செய்த தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் சுருள். ஒரு சுருளில் இருபது தாளுக்கு மேல் இருக்காது என்று முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். தேவைப்பட்டால் இன்னும் தாள் ஒட்டி நீட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கையால் விரித்துக்கொண்டே மறு கையால் சுருட்டி வாசிக்க வேண்டிய பொருள் அது. பத்து மீட்டர் அளவுக்குப் போகும்போதே பருமன் கைக்கு அடங்காது.

இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு லூக்காவைப் பாருங்கள். கிரேக்கத்தில் சுமார் 19,000 சொற்களைக் கொண்ட அந்தச் சுவிசேஷம் புதிய ஏற்பாட்டிலேயே மிக நீளமான புத்தகம். அதை எழுதியவரே எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் 18,000 சொற்களைத் தாண்டுகிறது. மத்தேயுவும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றும் ஒரு பெரிய சுருளுக்குள் அடங்கும் அதிகபட்ச நீளத்தில் வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. லூக்கா சொல்ல நினைத்தது ஒரே வரலாறு. அதை இரண்டு சுருளாகப் பிரித்து, இரண்டையும் தெயோப்பிலு என்ற ஒருவருக்கே எழுதி, இரண்டாவதின் தொடக்கத்தில் முதலாவதை நினைவுபடுத்திவிட்டுத் தொடர்கிறார். முதல் சுருளின் கடைசி அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த காலையிலிருந்து பரலோகம் ஏறும்வரை எல்லாம் ஒரே மூச்சில் ஓடுகிறது. இரண்டாம் சுருளின் முதல் அதிகாரத்தில் அதே காலம் நாற்பது நாளாக விரிகிறது. நீளம் அளந்து எழுதிய ஒருவருடைய கையை அங்கே பார்க்கிறேன். பிற்காலத்தில் யோவான் சுவிசேஷத்தை இடையில் வைத்துவிட்டதால், ஒரே நூலின் இரு பாகங்கள் என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று.

பழைய ஏற்பாட்டிலும் இதே கதைதான். சாமுவேல் எபிரெயத்தில் ஒரே புத்தகம். இராஜாக்களும் நாளாகமமும் அப்படியே. எபிரெயத்தில் மெய்யெழுத்தை மட்டும் எழுதினால் போதும், கிரேக்கத்தில் உயிரெழுத்தையும் எழுத வேண்டும். கிரேக்கத்தில் பெயர்த்தபோது புத்தகம் பெருத்துப் போய், ஒன்று இரண்டானது. இன்று நாம் ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்று சொல்லி வாசிப்பதெல்லாம் அப்படி வந்த பிரிவு. மறுபக்கம், ஓசியா முதல் மல்கியா வரை பன்னிரண்டு தீர்க்கதரிசிகளும் சிறியவர்கள் என்பதால் ஒரே சுருளில் அடங்கி, யூதர்களிடம் ஒரே புத்தகமாக எண்ணப்பட்டார்கள். ஏசாயா ஒருவரே ஒரு சுருள். 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் 17 தோல்களைத் தைத்துச் செய்தது, ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள்.

சுருளில் பக்க எண் கிடையாது, அதிகாரம் கிடையாது, வசனம் கிடையாது. ஒரு வாக்கியத்தைத் தேட வேண்டுமானால் சுருளை முழுக்க உருட்ட வேண்டும். ஆகவே மேற்கோள் பெரும்பாலும் நினைவிலிருந்தோ, திரட்டி வைத்த குறிப்பிலிருந்தோ வரும். மாற்கு தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் ‘ஏசாயா தீர்க்கதரிசியில் எழுதியிருக்கிறபடி’ என்று சொல்லிவிட்டுத் தருகிற மேற்கோளின் முதல் பாதி மல்கியாவில் இருப்பது. பழைய பிரதிகளில் ‘ஏசாயா’ என்றே இருக்கிறது. பிற்காலப் பிரதிகளில் ‘தீர்க்கதரிசிகளில்’ என்று பொதுவாக மாறியிருக்கிறது. படியெடுத்த யாரோ ஒருவர் கவனித்து, சரிசெய்வதாக நினைத்து மாற்றியிருக்கிறார். இந்த ஆசை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வரும். மூலத்தில் ஆசிரியர் எழுதியது தவறு என்று தெரிந்தாலும் அதைத் தொடக் கூடாது, ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

பவுலின் நிருபங்கள் வேறு விதம். அவர் பெரும்பாலும் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். ரோமர் நிருபத்தின் கடைசியில் ‘இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்’ என்று எழுதியவரே தலைநீட்டி வாழ்த்துச் சொல்கிறார். கலாத்தியரின் முடிவில் பவுல் தாமே பேனாவை வாங்கிப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுகிறார். இரண்டாம், மூன்றாம் யோவான் ஒவ்வொன்றும் 250 சொற்களுக்குக் குறைவு. ஒரு தாளில் முடிந்துவிடும். இரண்டிலுமே, எழுத இன்னும் நிறைய இருக்கிறது, மையினால் எழுத மனமில்லை, நேரில் பேசுகிறேன் என்று முடிக்கிறார். தாள் தீர்ந்துவிட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

இப்போது சுருளிலிருந்து புத்தகத்துக்கு வருகிறேன். இதுதான் பெரிய திருப்பம், உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத திருப்பம். தாள்களை அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் கோடெக்ஸ். அப்போது அதைக் குறிப்பெழுதும் நோட்டு போலத்தான் உலகம் பார்த்தது. மதிப்பான இலக்கியமெல்லாம் சுருளில்தான். கிறிஸ்தவர்கள் மட்டும் தொடக்கத்திலிருந்தே தங்கள் வேதத்தைக் கோடெக்ஸில் எழுதினார்கள். மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் சுவிசேஷத்தின் ஒரு துண்டு இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பலர் கணிக்கிறார்கள். 9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம். பிலாத்துவின் முன் இயேசு நிற்கிற இடம். முன்பக்கமும் எழுத்து, பின்பக்கமும் எழுத்து. இரு பக்கமும் தொடர்ந்து ஓடுவதால் அது புத்தகத்தின் தாள் என்று தெரிகிறது.

கோடெக்ஸில் தாளின் இரு பக்கமும் பயன்படும், பயணத்தில் எடுத்துப் போகலாம், தேடிய இடத்தைப் புரட்டி எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, நான்கு சுவிசேஷங்களை ஒரே கட்டுக்குள் வைக்கலாம். எந்தச் சுருளிலும் அது முடியாது. 180 அளவில் லியோன் ஆயர் இரேனியு சுவிசேஷம் நான்கே என்று அடித்துப் பேசினார். அந்த நான்கையும் நடபடிகளையும் சேர்த்து எழுதிய மூன்றாம் நூற்றாண்டுக் கோடெக்ஸ் ஒன்றின் 30 தாள்கள் இன்று டப்ளினில் செஸ்டர் பீட்டி தொகுப்பில் இருக்கின்றன. நான்கு என்ற எண்ணம் புத்தகமாகக் கைக்கு வந்தது அங்கே.

அதே தொகுப்பில் இன்னொரு புத்தகம் இருக்கிறது. பவுலின் நிருபங்கள், சுமார் 200ஆம் ஆண்டு எழுதியது. பாதிக்கு மேல் டப்ளினிலும், மீதி அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அச்சகத்தில் ஃபாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள்கட்டு) கணக்குப் போட்டவர்கள் இதைக் கேட்டால் நெஞ்சு பதறுவார்கள். 52 பெரிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தமாக நடுவில் ஒரே மடிப்பாக மடித்திருக்கிறார்கள். 104 தாள்கள் கொண்ட ஒரே ஃபாரம். இப்படிச் செய்தால் எழுதத் தொடங்கும் முன்பே புத்தகம் எத்தனை பக்கம் என்று முடிவாகிவிடும். கடைசியில் இரண்டு பக்கம் வேண்டுமென்று வெளியே ஒரு தாளைச் சேர்த்தால், முன்னாலும் இரண்டு வெற்றுப் பக்கம் வந்துவிடும். ஆகவே அந்த எழுத்தர் நிருபங்களின் மொத்த நீளத்தை முன்கூட்டியே மதிப்பிட்டிருக்க வேண்டும்.

மதிப்பீடு பிசகிவிட்டது. முன்பகுதியில் பக்கத்துக்கு 26 வரி அளவில் தாராளமாகப் போகிறார். நடு மடிப்பைத் தாண்டிய பிறகு, போன தூரமும் மிச்சமிருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்து நெருங்குகிறது, வரிகள் கூடுகின்றன, கடைசிப் பக்கங்களில் 30ஐத் தாண்டுகின்றன. முதல் தெசலோனிக்கேயர் நடக்கும்போது நமக்குக் கிடைத்த தாள்கள் முடிந்துவிடுகின்றன. கடைசி ஏழு தாள்கள் தொலைந்தன. அந்த இடத்தில் இரண்டாம் தெசலோனிக்கேயர் அடங்கும். தீமோத்தேயுவின் இரண்டும் தீத்துவும் பிலேமோனும் சேர்ந்து அடங்காது. அந்த எழுத்தர் தீமோத்தேயு நிருபங்களை அறியவே இல்லை என்று ஒரு கட்சி. அறிந்திருந்தார், இடம் போதவில்லை, தனித்தாள் சேர்த்திருப்பார் என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சியானாலும் முதலில் அந்த வரிக்கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நிருபங்களின் வரிசையும் பெரும்பாலும் நீளக் கணக்குதான். சபைகளுக்கு எழுதியவை முதலில், தனி ஆட்களுக்கு எழுதியவை பிறகு. இரண்டிலும் நீளமானதிலிருந்து குட்டையானதுக்கு இறங்குகிறது. 7,000 சொற்களுள்ள ரோமர் தலையில், 330 சொற்களை ஒட்டிய பிலேமோன் வாலில். முதல் தெசலோனிக்கேயர் பவுலின் நிருபங்களில் மிகவும் முந்தியது, 50ஆம் ஆண்டை ஒட்டியது என்பது பலருடைய கருத்து. அதை இன்று நாம் எட்டாவதாக வாசிக்கிறோம். ரோமரை முதலில் வாசித்துவிட்டு அதன் கண்ணாடியில் மற்றவற்றைப் பார்க்கிற பழக்கம் எத்தனை பிரசங்கங்களை உருவாக்கியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இனி, எது வேதம் எது இல்லை என்கிற கேள்வி. ‘முழு வேதாகமம்’ என்று ஒரே கட்டாக ஒரு பொருளை முதல் மூன்று நூற்றாண்டுகளில் கண்ணால் கண்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. சபைகளிடம் இருந்தவை தனித்தனிப் புத்தகங்கள். 303இல் டயோக்ளீஷியன் பேரரசர் வேதப்புத்தகங்களை எரிக்கக் கட்டளையிட்டார். வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற ஊரில், அந்த ஆண்டு மே 19 அன்று அதிகாரிகள் வீடு வீடாகப் போய்ச் சோதித்த பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. கோயிலில் ஒரே ஒரு பெரிய புத்தகம். மீதியெல்லாம் ஆலயத்தில் வேதம் வாசிக்கிறவர்களின் வீட்டில். ஒருவர் வீட்டில் நான்கு, இன்னொருவர் வீட்டில் ஐந்து, மற்றொருவர் எட்டு. இலக்கணம் கற்பிக்கும் ஒருவரிடம் இரண்டு புத்தகங்களும் தைக்காத நான்கு மடிப்புகளும். கணவன் இல்லாத நேரத்தில் ஒரு பெண் ஆறு புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்தப் பதிவைப் படித்தால், வேதம் எங்கே இருந்தது, எப்படித் துண்டு துண்டாக இருந்தது என்பது புரிந்துவிடும்.

செலவும் அப்படி. 301இல் அதே பேரரசர் போட்ட விலைப்பட்டியலில், முதல் தரமான கையெழுத்துக்கு எழுதும் 100 வரிக்கு 25 தினாரி (ரோமானியக் காசு), இரண்டாம் தரத்துக்கு 20 என்று கூலி விதித்திருக்கிறது. வயல் வேலை செய்பவருக்குச் சாப்பாடு போக ஒரு நாள் கூலியும் அதே 25 தினாரிதான். புத்தகங்களின் வரிகளை எண்ணி வைத்த பழைய பட்டியல் ஒன்றில் மத்தேயுவுக்கு 2,600 வரி என்று இருக்கிறது. எழுத்துக் கூலி மட்டுமே ஒரு கூலியாளின் 26 நாள் உழைப்பு. தாள் விலை தனி. இருக்கிற காசுக்கு எதைப் படியெடுப்பது என்று ஒவ்வொரு சபையும் தீர்மானித்தாக வேண்டும். எது அடிக்கடி சத்தமாக வாசிக்கப்பட்டதோ அதைத்தான் படியெடுப்பார்கள். படியெடுக்காத புத்தகம் ஈரத்திலும் பூச்சியிலும் தானாகவே அழியும். எரிக்க யாரும் வேண்டியதில்லை. கொலோசெயருக்கு எழுதும்போது லவோதிக்கேயாவிலிருந்து வரும் நிருபத்தையும் வாங்கி வாசியுங்கள் என்கிறார் பவுல். அந்த நிருபம் இன்று இல்லை. கொரிந்தியருக்கு முன்னொரு நிருபம் எழுதினேன் என்கிறார். அதுவும் இல்லை.

பேரரசர் கான்ஸ்டன்டைன் 331 அளவில் தம் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக வேதத்தின் 50 பிரதிகளைத் தோலில் எழுதித் தரும்படி செசரியா ஆயர் யூசேபியஸைக் கேட்டார். அந்தச் செல்வமும் தோலும் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் கட்டுவது சாத்தியமானது. அப்படிக் கட்டும்போது கேள்வி தானாக எழுகிறது: எதை உள்ளே வைப்பது? நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதியான கோடெக்ஸ் சினாய்ட்டிக்கஸில் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பிறகு பர்னபா நிருபமும் எர்மாவின் ‘மேய்ப்பன்’ நூலும் வருகின்றன. ஐந்தாம் நூற்றாண்டுக் கோடெக்ஸ் அலெக்சாந்திரினஸில் கிளமெந்தின் நிருபங்கள் வருகின்றன. இவற்றில் எதுவும் இன்று நம் வேதாகமத்தில் இல்லை. அட்டைக்குள் வைப்பவருக்கு அட்டை ஓரம் வரை தயக்கம் இருந்திருக்கிறது.

இப்போது படியெடுக்கும்போது நேர்ந்த பிழைகள். இங்கே என் தொழில் பேசும்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எல்லாம் பெரிய எழுத்து, ஒன்றோடொன்று சேர்த்து. கண் ஒரு சொல்லைப் பார்த்து, கை எழுதி, மறுபடி கண் மூலத்துக்குப் போகும்போது அதே சொல் சற்றுக் கீழே இன்னொரு முறை இருந்தால், அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தது போச்சு. நாங்கள் ‘வரி விட்டுப்போச்சு’ என்று சொல்வது இதைத்தான். வத்திக்கான் நூலகத்தில் உள்ள கோடெக்ஸ் வத்திக்கானஸ், நான்காம் நூற்றாண்டின் மிக நேர்த்தியான பிரதி. அதில் யோவான் 17:15ஐ எழுதியவருக்கு இது நேர்ந்தது. ‘அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை, அவர்களைத் தீயவனிடமிருந்து காக்கும்படி கேட்கிறேன்’ என்பது வசனம். ‘இலிருந்து’ என்கிற அமைப்பு கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல வருகிறது. கண் தாவிவிட்டது. ‘அவர்களைத் தீயவனிடமிருந்து எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை’ என்று ஆகிவிட்டது! பிறகு வந்த திருத்துநர் பிடித்துவிட்டார். அர்த்தம் கெட்டால் யாராவது பிடித்துவிடுவார்கள். விட்டுப்போன பிறகும் வாக்கியம் சரியாக நின்றால்தான் ஆபத்து. முதல் யோவான் 2:23இல் ‘பிதாவை உடையவன்’ என்று இரண்டு முறை வருவதால் இரண்டாம் பாதி பிற்காலப் பிரதிகள் பலவற்றில் விழுந்துவிட்டது. முதல் பாதி தனியாக அழகாக நிற்பதால் நூற்றாண்டுக் கணக்கில் யாரும் தேடவில்லை.

பதினான்காம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில் லூக்காவின் வம்ச வரலாறு வருகிறது. அதன் மூலத்தில் பெயர்கள் இரண்டு பத்தியாக இருந்திருக்கின்றன. எழுத்தர் ஒரு பத்தியை முடித்து அடுத்ததற்குப் போகாமல் குறுக்கே வாசித்து எழுதிவிட்டார். ஏறக்குறைய எல்லோருக்கும் தகப்பன் மாறிப்போனான். கடவுளே ஆராமின் குமாரன் என்று வந்து நிற்கிறது. எந்தச் சதிகாரன் இப்படி எழுதுவான்? களைத்துப்போன ஒரு மனிதனின் கண் அது.

பரிசுத்த பெயர்களைச் சுருக்கி எழுதும் வழக்கமும் இருந்தது. கடவுள், இயேசு, கிறிஸ்து, கர்த்தர் என்ற சொற்களில் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் எழுதி மேலே ஒரு கோடு போடுவார்கள். மரியாதைக்காக வந்த அந்த வழக்கம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. முதல் தீமோத்தேயு 3:16இல் ‘தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்’ என்று பழைய மொழிபெயர்ப்புகளில் வாசிக்கிறோம். சினாய்ட்டிக்கஸில் முதல் கை எழுதியது ‘அவர்’ என்று பொருள் தரும் இரண்டெழுத்து. அதன் முதல் எழுத்து ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு சிறு கோடும் தலைக்கு மேலே ஒரு கோடும் விழுந்தால் அதுவே ‘தேவன்’ என்பதன் சுருக்கம். அலெக்சாந்திரினஸில் அந்தக் கோடு முதலிலேயே இருந்ததா, பிறகு யாராவது போட்டதா என்று பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்ஸ்டைன் என்ற அறிஞர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தாளின் மறுபக்கத்து எழுத்து ஊறித் தெரிவது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு மயிரிழைக் கோடு. அதற்காக மூன்று நூற்றாண்டு வாதம் நடந்திருக்கிறது.

படியெடுத்தவர்கள் ஒருவரையொருவர் கண்டித்தும் இருக்கிறார்கள். வத்திக்கானஸில் எபிரெயர் 1:3இல் ஒரு சொல்லை ஒருவர் அடித்துத் திருத்தியிருக்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து இன்னொருவர் அந்தத் திருத்தத்தை அழித்துப் பழையதையே போட்டுவிட்டு, ஓரத்தில் எழுதுகிறார்: ‘மடையனே, கெட்டவனே, பழையதை விட்டுவை, மாற்றாதே!’ சொல்லப்போனால், திருத்தியவர் போட்ட சொல்லையே இன்று அறிஞர்கள் சரியென்று ஏற்கிறார்கள். ஆனாலும் அந்த ஓரக்குறிப்பை எழுதியவர் மேல் எனக்கு அளவில்லாத அன்பு உண்டு. கைக்கு வந்ததைக் காக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு கோபம்.

தொலைந்த தாள்களும் வேதத்தை மாற்றின. வத்திக்கானஸில் மாற்கு சுவிசேஷம் 16:8இல் முடிகிறது, பெண்கள் பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிற இடத்தில். பக்கத்துக்கு மூன்று பத்தி எழுதுகிற அந்தப் பிரதியில் மாற்கு இரண்டாம் பத்தியில் முடிந்து, மூன்றாம் பத்தி முழுக்க வெறுமையாக இருக்கிறது. அதன் புதிய ஏற்பாட்டில் இப்படி ஒரு பத்தியை வெறுமையாக விட்டது இந்த ஓர் இடத்தில்தான். மற்றப் புத்தகங்கள் அடுத்த பத்தியிலேயே தொடங்கிவிடுகின்றன. இன்னும் சில வசனங்கள் உண்டு என்று அந்த எழுத்தர் கேள்விப்பட்டிருக்கிறார், தம் மூலத்தில் இல்லை, அதனால் இடம் விட்டார் என்றே நான் நம்புகிறேன். சினாய்ட்டிக்கஸிலும் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகளில் அவற்றை அடைப்புக்குறியில் போடுவது இதனால்தான். புதிய மொழிபெயர்ப்புகள் வசனங்களை ஒதுக்குவதைச் ‘சாத்தானின் கத்தரிக்கோல்’ என்று உங்களுக்கு எழுதிய அன்பர் அந்த வெற்றுப் பத்தியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எராஸ்மஸ் என்ற அறிஞரின் பதிப்பு. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டபோது, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் கையில் இருந்தது ஒரே பிரதி. அதன் கடைசித் தாள் கிழிந்துபோயிருந்தது. கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குப் பெயர்த்துப் போட்டுவிட்டார். லத்தீன் பிரதிகளில் ‘ஜீவ விருட்சம்’ என்பது ‘ஜீவ புஸ்தகம்’ என்று முன்பே மாறியிருந்தது, லத்தீனில் இரண்டு சொல்லும் ஒன்றுபோல இருக்கும். அந்தப் பிழை அச்சேறி, அதிலிருந்து பெயர்த்த பழைய வேதாகமங்களிலெல்லாம் பரவிவிட்டது. எந்த வசனத்தில் தெரியுமா? இந்தப் புஸ்தகத்தின் வசனங்களிலிருந்து ஒருவனும் எதையும் எடுத்துப்போடக் கூடாது என்று எச்சரிக்கிற 22:19ஆம் வசனத்தில்.

வேண்டுமென்றே சேர்த்ததும் உண்டு. அதை மறைப்பது விசுவாசத்துக்கு அழகில்லை. முதல் யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்கிற வாக்கியம் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. எராஸ்மஸ் முதல் இரண்டு பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது. அந்த வாக்கியம் உள்ள ஒரு கிரேக்கப் பிரதி வந்தது, 1522இல் சேர்த்தார். அந்தப் பிரதி அவர் காலத்தை ஒட்டி எழுதியது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியோ, யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை, சிலவற்றில் லூக்கா 21க்குப் பின்னால் இருக்கிறது, சிலவற்றில் யோவானின் கடைசியில் இருக்கிறது. எங்கே வைப்பதென்று தெரியாமலும், விட்டுவிட மனமில்லாமலும் பல கைகள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கின்றன.

கட்டுரையாளர் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்த மாற்றங்களெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன? ஒரே இடத்தில் அச்சிட்டு வினியோகித்திருந்தால் தெரிந்திருக்காது. எகிப்தில் ஒருவர், சிரியாவில் ஒருவர், ரோமில் ஒருவர் என்று யாரும் யாரையும் கேட்காமல் படியெடுத்தார்கள். 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கக் கைப்பிரதிகள் இன்று இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் மில் என்பவர் முப்பது ஆண்டுகள் உழைத்து 1707இல் வெளியிட்ட பதிப்பில் சுமார் 30,000 வேறுபாடுகளைத் தொகுத்தார். பலர் பதறினார்கள். ஆனால் அத்தனை வேறுபாடு கண்ணில் படும் அளவுக்குப் பிரதிகள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன என்றால், அவை எல்லாவற்றையும் திரட்டி மாற்ற எந்தச் சங்கத்தாலும் எந்தப் பேரரசராலும் முடியாது. ஓரிடத்தில் விட்டுப்போன வரி இன்னோரிடத்தில் இருக்கிறது. ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு புரூஃப் பார்க்கச் சொன்னால் நான் திணறுவேன். நூறு பிரதி கொடுத்தால் பிழை தானாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே ஐயா, இரண்டு வேண்டுகோள். நிசேயா பற்றிய வாக்கியத்துக்கு அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் இடத்தில். இரண்டாவது, இந்த விவாதத்தைத் தொடர்வதாக இருந்தால் படங்களோடு தொடருங்கள். சினாய்ட்டிக்கஸின் கிடைத்த பக்கங்கள் எல்லாம் 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வத்திக்கானஸும் வத்திக்கான் நூலகத்தின் தளத்தில் இருக்கிறது. மாற்கு முடிகிற பக்கத்தையும், எபிரெயர் முதல் அதிகாரத்தின் பக்கத்தையும் பெரிதாகப் போடுங்கள். அந்த வெற்றுப் பத்தியையும் ஓரக்குறிப்பையும் வாசகர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், உங்கள் நெடுநாள் வாசகி